பச்சைப் புள்ளி போதுமா?

கொல்லாமையைக் குலதனமாகப் பேணிவரும் நம் குடும்பங்களில், இளையோர் இன்று ‘வீகன்’ என்னும் சொல்லைப் பேசுகின்றனர். 1944ஆம் ஆண்டு இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் அவர்தம் நண்பர்களும் வழங்கிய சொல் இது. ஊனும் முட்டையும் மட்டுமன்றி, பாலும் தேனும் நீக்குவது அந்நெறி.

உணவுப் பொட்டலத்திலுள்ள பச்சைப் புள்ளி பாலையும் தேனையும் விலக்குவதில்லை. ஆதலின் 2022ஆம் ஆண்டு நம் நாட்டில் வீகன் உணவுக்கெனத் தனி விதிகள் வகுக்கப்பட்டன.

நம் நெறியோடு ஒப்பிடுவோம். தேன் இரண்டிலும் விலக்கு. கிழங்கு வீகனுக்கு உடன்பாடு. எண்ணற்ற உயிர்களின் உறைவிடமாதலால் நமக்கு விலக்கு. பால் நமக்கு மரபுவழி உடன்பாடு, அவர்க்கு விலக்கு.

இனி, வயலை நோக்குவோம். தருமபுரி மாவட்டத்து மானாவாரி நிலத்தில் விளையும் கேழ்வரகு தாவர உணவே. ஆயினும் ஏரில் மாடு உண்டு. எருவில் சாணம் உண்டு. எலும்புத் தூள் இடுவோரும், மீன் அமிலம் தெளிப்போரும் உளர். தட்டிலுள்ள களி இவற்றைக் காட்டாது. அங்ஙனமாயின் எல்லையை எங்கே வகுப்பது?

நம் ஆசான்கள் இம்சையை நான்காகப் பகுத்தனர்: எண்ணிச் செய்யும் சங்கல்பம், இல்லப் பணியில் நேரும் ஆரம்பம், தொழிலில் நேரும் உத்தியோகம், தற்காப்பில் நேரும் விரோதம். இல்லறத்தார் முதலாவதை முற்றிலும் விடுதல் வேண்டும். ஏனைய மூன்றையும் இயன்றவரை குறைத்தல் வேண்டும்.

உழுகையில் மண்புழு மாய்வது உத்தியோக இம்சை. இம்மாவட்டத்தில் பரவலாக நடைபெறும் பட்டு வளர்ப்போ வேறு. மல்பெரி இலை தாவரமே. எனினும் இழை அறாதிருக்கக் கூட்டினுள் உள்ள உயிரை வெப்பத்தால் கொல்கின்றனர். இங்கே சாவு தற்செயலன்று, அதுவே செய்முறை. மீன் அமிலமும் எலும்புத் தூளும் கொல்லப்பட்ட உயிரின் உடலே.

பாலையும் இவ்வாறே ஆராய்தல் நம் கடன். கன்று பருகிய பின் கறந்த காலம் ஒன்று. காளைக்கன்றும் கறவை நின்ற பசுவும் விலைபோகும் காலம் இது. அவை எங்குச் செல்கின்றன என வினவாது பால் வாங்குதல் நம் நோன்புக்குப் பொருந்துமோ?

பாலை நீக்க விரும்புவோர்க்கு ஒரு குறிப்பு: 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. ஆயின் பி12 உயிர்ச்சத்து தாவர உணவில் போதிய அளவு கிட்டாது. மருத்துவரைக் கலந்து மாத்திரை கொள்க.

முத்திரை, பொருளின் மூலத்தைக் காட்டும். அதன் பின்னுள்ள கொலையை நாமே வினவி அறிதல் வேண்டும்.

இல்லத்தில் சிந்திக்க:

1. நம் சமையலறைப் பொருள்களுள் எவற்றில் சங்கல்ப இம்சை கலந்துள்ளது?
2. பாலும் பட்டும் இன்றி வழிபாடு நிகழ இயலாதா?
3. அரிசியும் கேழ்வரகும் வாங்குகையில் உழவரிடம் நாம் கேட்க வேண்டுவன யாவை?