ஒரே மேசையில் இரு கணவர்கள்

மணமுறிவிலும் துணையின் துரோகத்திலும் நகைப்புக்கு இடமுண்டா என்பதற்கு, 1925 வரை கிறிஸ்தியானியா என்றழைக்கப்பட்ட ஒஸ்லோவின் கலைஞர் வரலாறு நல்ல சான்றுகளைத் தருகிறது. 1880களில் திருமணத்தையும் நடுத்தர வர்க்க ஒழுக்கத்தையும் எதிர்த்த எழுத்தாளர், ஓவியர் குழு 'கிறிஸ்தியானியா பொஹீமியர்' எனப்பட்டது. அதன் நடுநாயகமான ஓவியர் ஓடா, முதற் கணவர் எங்கெல்ஹார்ட்டைப் பிரிந்து 1888இல் ஓவியர் கிறிஸ்தியான் குரோக்கை மணந்தார். அவ்வாண்டே எழுத்தாளர் ஹான்ஸ் யேகரோடும், பிற்காலத்தில் நாடகாசிரியர் குன்னர் ஹைபர்க்கோடும் அவருக்கு உறவிருந்தது.

ஓடா, குரோக், தாம் என்ற முக்கோண உறவை யேகர் 1893இல் நாவலாக்கினார். 'நோயுற்ற காதல்' எனப் பொருள்படும் அந்நூலில் வேதனை உண்டு, சிரிப்பு அரிது. ஓவியர் எட்வர்ட் முங்க் 1895இல் உருவாக்கிய செதுக்கோவியம், அதாவது உலோகத் தகட்டில் கோடு பொறித்து மையிட்டு அச்செடுத்த படம், இரு கணவர்களையும் காதலர்களையும் ஒரே மேசையைச் சுற்றி அமர்த்தி, ஓடாவை அவர்களுக்கு நடுவே நிறுத்துகிறது. முங்க் ஓடாவின் கணவரல்லர். வெளியாளுக்குச் சிரிப்பது எளிது என்பதும் உண்மையே. ஆயினும் இளமையில் மணமான பெண்ணொருத்தியை நேசித்துத் துன்புற்ற அவர், அந்த மேசையின் ஓரத்தில் தம்மையும் வரைந்துகொண்டார். கேலியில் தன்னையும் சேர்த்துக்கொள்ளாதவரின் நகைச்சுவை பெரும்பாலும் வசையாகவே முடிகிறது.

நாடகாசிரியர் இப்சன் 1862இல் வெளியிட்ட 'காதலின் நகைச்சுவை' நாடகம் நிச்சயதார்த்தத்தையும் இல்லறத்தையும் எள்ளியபோது, ஊரார் அதில் அவருடைய சொந்த வீட்டைத் தேடினர். அந்நூலை ஏற்றவர் தம் மனைவி ஒருவரே என்று அவர் பின்னாளில் எழுதினார். வீட்டுக்குள் செல்லாத கேலியை வெளியே கொண்டுபோகாதிருப்பதே நலம்.

நோர்வேயின் இன்றைய திருமணச் சட்டப்படி, ஓராண்டுச் சட்டப் பிரிவுக்குப் பின் மணவிலக்கு கிடைக்கிறது. அதற்குத் துரோகத்தை மெய்ப்பிக்க வேண்டியதில்லை. ஆகவே புண்பட்டவர் தம் கதையைக் குற்றப்பத்திரிகைபோல் அடுக்க வேண்டிய தேவையின்றி, அதன் அபத்தங்களையும் சொல்லிப் பார்க்கலாம். பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருப்பின், பெற்றோர் அவர்களுடைய வதிவிடம் பற்றிப் பேசும் கட்டாய இணக்கப் பேச்சுக்குச் செல்ல வேண்டும். அங்கே ஒருவரையொருவர் பகடி செய்தல் தகாது. ஒஸ்லோத் தமிழரிடையே, கோயிலிலும் கொண்டாட்ட மண்டபத்திலும் அதே முகங்களே மீண்டும் சந்திப்பதால், அத்தகைய பகடியை நம்பகமான ஒரு நண்பரிடம் மட்டும் சொல்வதே பாதுகாப்பானது. மண்டபத்தில் சொன்ன வேடிக்கை அன்றிரவே யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசியில் போய்விடும்.