ஈரத்தை வென்றால் பெயின்ட் நிற்கும்

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறக்க 2025 பெப்ரவரி ஆயிற்று. அந்த ஐந்தாண்டுகளில் நம் பக்கத்துப் பழைய வாகனங்களின் மதிப்பு ஏறியது. பதுளை, ஹாலிஎல, பசறை, பண்டாரவளைத் தெருக்களில் மாருதி 800ம் பழைய நிஸான் சன்னியும் லான்சரும் இன்றும் உழைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. தோட்டப்புறங்களில் மொரிஸ் மைனரைப் பொன்போலக் காப்பவர்களும் இருக்கிறார்கள். எஞ்சின் நன்றாக ஓடும். பொடிதான் துருப்பிடித்து வெளுத்திருக்கும். கராஜில் முழுப் பெயின்டுக்குக் கேட்கும் தொகையைப் பார்த்துவிட்டு, "நாமே அடித்தால் என்ன?" என்று பலர் யோசிக்கிறார்கள்.

அடிக்கலாம். நல்ல பளபளப்பும் வரும். ஆனால் வரண்ட ஊர்களில் எடுக்கப்படும் வீடியோக்களைப் பார்த்து அப்படியே செய்தால் இங்கே ஏமாற்றம்தான். ஊவா மலைகளில் பெயின்டைக் கெடுப்பது பெரும்பாலும் ஈரம். அது பட்டிக்கு அடியில் தங்கும், கம்பிரசர் டாங்கியில் சேரும், அடிக்கும் நேரத்துக் காற்றிலும் இருக்கும். இந்த மூன்று இடத்திலும் ஈரத்தைத் தடுத்துவிட்டால் கைப்பழக்கம் குறைந்தவரின் வேலையும் பார்க்க நன்றாக இருக்கும்.

எந்த மாதம்?

ஜூலை முதல் செப்டெம்பர் வரை. தென்மேற்குப் பருவக்காற்று மழையை மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, வரண்ட காற்றாக ஊவாவுக்கு இறங்கும் காலம் அது. உலகம் விரும்பும் ஊவாத் தேயிலையின் தனி மணம் கொழுந்தில் ஏறுவதும் இந்த வரட்சியில்தான். அதே வரட்சி பெயின்டுக்கும் உதவும். ஒரு சிக்கல், காற்று பலமாக வீசும். புழுதி ஒட்டும், துப்பாக்கியிலிருந்து வரும் தூவல் தகட்டைத் தொடுமுன் காய்ந்து சொரசொரப்பாகும். ஆகவே நாற்புறமும் மறைப்புள்ள கொட்டகை தேவை. கடல் மட்டத்திலிருந்து 1,400 மீற்றருக்கு மேல் இருக்கும் ஹப்புத்தளையில் காற்றும் மூடுபனியும் அதிகம். அங்கிருப்பவர்கள் கடைசி நிறப்பூச்சுக்கு மட்டுமாவது வண்டியைக் கீழே, ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்திலுள்ள பதுளைப் பள்ளத்தாக்குக்குக் கொண்டுவந்தால் வேலை எளிது.

ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவ மழையும் குளிரும். இந்த மாதங்களில் டிங்கரிங், துரு நீக்கம், பீடிங் மாற்றுதல் போன்றவற்றைச் செய்யுங்கள். நிறம் அடிக்க வேண்டாம்.

என்.சி.யா, டூ-கே யா?

கடையில் உங்களுக்கு இரண்டு வகை கிடைக்கும். ஒன்று என்.சி., அதாவது நைட்ரோசெலுலோஸ் லக்கர். நம் ஊரில் பலர் இன்றும் 'டியூக்கோ' என்று சொல்வது இதைத்தான். 1923 இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ் தனது ஓக்லண்ட் கார்களுக்கு டூபொன்ட் தயாரித்த டியூக்கோவை அடிக்கத் தொடங்கியபோது, வாரக்கணக்கில் இழுத்த பெயின்ட் வேலை மிகவும் சுருங்கியது. தின்னர் பறந்தவுடன் காய்வதுதான் இதன் இயல்பு. தூசி விழுந்தால் தேய்த்துவிட்டு மேலே அடிக்கலாம். ஒழுகினாலும் திருத்தலாம். வீட்டில் பழகுகிறவருக்கு இதுவே ஏற்றது.

மற்றது டூ-கே. ஹார்ட்னர் கலந்து அடிப்பது. கடினமாக இறுகும், பெற்றோல் பட்டாலும் கலங்காது, பளபளப்பும் நீண்ட நாள் நிற்கும். ஆனால் அதன் ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. அது தூவலாக மூச்சில் போனால் ஆஸ்துமா வரக்கூடும். ஒருமுறை உடல் ஒவ்வாமை கொண்டுவிட்டால் பிறகு சிறிதளவு பட்டாலும் மூச்சு முட்டும். துணி முகக்கவசம் இதற்குப் பயனில்லை. கரி வடிகட்டிக் கவசத்தையும் முழுமையாக நம்ப முடியாது. வெளியிலிருந்து சுத்தமான காற்றுக் குழாய் வழியாக வரும் கவசம் அணிந்தே அடிக்க வேண்டும். அந்த வசதி வீட்டில் இல்லை என்றால் டூ-கே அடிக்காதீர்கள். மெட்டாலிக் நிறத்துக்கு மேல் அடிக்கும் கிளியருக்கும் இதே விதிதான்.

லயன் குடியிருப்புகளில் இருப்பவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கின்றன. அடுத்த காம்பிராவில் கைக்குழந்தை இருக்கலாம், விறகடுப்பு எரிந்துகொண்டிருக்கலாம். டூ-கே நஞ்சு என்றால், என்.சி. தின்னரின் ஆவி நெருப்புப் பிடிக்கும். லயன் வாசலில் இரண்டில் எதையும் அடிக்கக் கூடாது. வீடுகளுக்கு எட்டத்தில், அடுப்பும் விளக்கும் பீடியும் இல்லாத இடத்தில் கொட்டகை போடுங்கள்.

பழைய பூச்சு எதுவென்று பாருங்கள்

வெள்ளைத் துணியில் என்.சி. தின்னர் நனைத்து, கதவின் கீழ்ப்பகுதியில் ஓரிடத்தில் தேயுங்கள். நிறம் துணியில் கரைந்து வந்தால் பழையது லக்கர். கரையாமல் அப்படியே இருந்தால் டூ-கே அல்லது கம்பனிப் பூச்சு. இரண்டின் மேலும் நன்றாகத் தேய்த்துவிட்டு அடிக்கலாம். சுருங்கிக் கொப்பளித்தால் யாரோ கதவு ஜன்னலுக்கு அடிக்கும் எனமல் பெயின்டை அடித்திருக்கிறார்கள். அதன் மேல் என்.சி. அடித்தால் முழுத் தகடும் அப்படியே சுருங்கும். அதை முற்றாக உரித்தெடுக்க வேண்டும். மிகப் பழைய வண்டிகளின் பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். அவற்றைக் காய்ந்த நிலையில் தேய்த்துப் புழுதி கிளப்பாமல் நீர் விட்டுத் தேயுங்கள். அந்தக் கழிவு நீர் பீலிப் பக்கமும் மரக்கறிப் பாத்திப் பக்கமும் போகக் கூடாது.

துருவும் பட்டியும்

முதலில் சவர்க்கார நீரால் கழுவி, பிறகு கிரீஸ் நீக்கும் திரவத்தால் துடையுங்கள். டயர், டாஷ்போர்ட் மினுக்கும் சிலிக்கன் பொருள் எதையும் கொட்டகைக்குள் வைக்காதீர்கள். அது துளி பட்ட இடத்தில் பெயின்ட் ஒதுங்கிக் குழி குழியாக நிற்கும்.

துருவை வெள்ளைத் தகடு தெரியும்வரை எடுக்க வேண்டும். கொப்பளத்தின் மேற்பகுதியை மட்டும் தட்டிவிட்டுப் பட்டி வைத்தால் அடுத்த மழைக்காலத்தில் அது மறுபடி எழும்பும். உக்கி ஓட்டை விழுந்த இடத்தைப் பட்டியால் அடைக்காமல் வெட்டி எடுத்துத் தகடு வைத்து வெல்டிங் செய்யுங்கள். துரு நீக்கும் அமிலம் பூசினால் நன்றாகக் கழுவி, உடனே உலர்த்துங்கள். வெறுந்தகட்டை ஓரிரவு விட்டுவைத்தாலே நம் பனியில் புதுத் துரு பிடிக்கும். ஆகவே ஒரு நாளில் பட்டியோ பிரைமரோ பூசி முடிக்கக்கூடிய அளவு தகட்டை மட்டும் திறந்தெடுங்கள்.

பட்டிக்கும் ஹார்ட்னருக்கும் விகிதம் 100க்கு 2 அளவில். குளிராக இருக்கிறதே என்று ஹார்ட்னரைக் கூட்டிப் போட்டால் அதன் சாயம் பிறகு மேல் நிறத்தில் கறையாகத் தெரியும். இங்கே பலர் தவறவிடும் முக்கியமான விடயம் ஒன்று உண்டு: ஹார்ட்னர் கலக்கும் இந்தப் பட்டியை நீர் விட்டுத் தேய்க்கக் கூடாது. அது நீரை உறிஞ்சி வைத்திருக்கும். மேலே பிரைமரும் நிறமும் மூடியபின் வெயில் ஏறும் நாளில் அந்த நீர் ஆவியாகிக் கொப்பளமாக வெளிவரும். காய்ந்த நிலையில் 80 நம்பர் சேண்ட் பேப்பரில் தொடங்கி 180, 320 என்று போங்கள். விரலால் அழுத்தித் தேய்த்தால் வாய்க்கால் விழும். மரக்கட்டையிலோ ரப்பர் கட்டையிலோ பேப்பரைச் சுற்றிக்கொள்ளுங்கள். வோட்டர் பேப்பருக்கு வேலை பிரைமருக்குப் பிறகுதான்.

பிரைமரும் கறுப்புத் தூவலும்

வெறுந்தகட்டுக்கு எப்பொக்ஸி பிரைமர் நல்லது. அது ஈரத்தை உள்ளே விடாது. இதுவும் ஹார்ட்னர் கலக்கும் பொருள்தான். கையுறையும் கரி வடிகட்டிக் கவசமும் போட்டுக்கொள்ளுங்கள். அதன் மேல் சாம்பல் நிற என்.சி. பிரைமர் இரண்டு, மூன்று பூச்சு. சாம்பல் பிரைமர் நீரை உறிஞ்சக்கூடியது. "காசு சேர்ந்ததும் நிறம் அடிப்போம்" என்று பிரைமரோடு மழையில் மாதக்கணக்கில் ஓடும் வண்டிகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவற்றில் அடியில் துரு தொடங்கியிருக்கும். நிறத்துக்கும் காசு கையில் இருக்கும்போதே பிரைமரைத் தொடங்குங்கள்.

பிரைமர் காய்ந்ததும், தின்னர் அதிகம் கலந்த கறுப்புப் பெயின்டை எட்ட நின்று மிக இலேசாகத் தூவுங்கள். பிறகு 400 நம்பர் வோட்டர் பேப்பரைக் கட்டையில் சுற்றி நீர் விட்டுத் தேயுங்கள். மேடான இடத்தில் கறுப்பு முதலில் அழியும். பள்ளத்தில் சிறு புள்ளியாக, கோடாக அது நின்றுவிடும். கண்ணுக்குச் சமமாகத் தெரிந்த மட்கார்டில் ஐந்தாறு இடத்தில் கறுப்பு தங்கியிருப்பதைக் காண்பீர்கள். அந்த இடங்களில் மட்டும் என்.சி. பட்டியை மெல்லியதாக இழுத்து, காயவிட்டு, மறுபடி தூவித் தேயுங்கள். கறுப்பு எங்கும் தங்காமல் அழிந்தால்தான் தகடு நேராகியிருக்கிறது. கடைசியில் 600 நம்பரால் ஒருமுறை தேய்த்துக் கழுவி, மூலை முடுக்குகளில் நீர் இல்லாமல் ஒரு பகல் முழுவதும் உலரவிடுங்கள்.

கம்பிரசரும் துப்பாக்கியும்

காற்றை அமுக்கும்போது அதிலுள்ள நீராவி டாங்கியில் நீராகச் சேரும். நம் மலைக் காற்றில் அது கூடுதல். வேலை தொடங்குமுன் டாங்கியின் அடித் திருகைத் திறந்து வடியுங்கள், இடையிலும் வடியுங்கள். கம்பிரசர் அருகே பொருத்தாமல், துப்பாக்கிக்குப் பக்கத்தில், காற்று குளிர்ந்தபின் வரும் இடத்தில் நீர்வடிகட்டியைப் பொருத்துங்கள்.

துப்பாக்கி முனை பிரைமருக்கு 1.6 முதல் 1.8 மில்லிமீற்றர், நிறத்துக்கு 1.3 அல்லது 1.4. சிறிய கம்பிரசர் என்றால் முழு வண்டியையும் ஒரே மூச்சில் அடிக்க நினைக்காமல் ஒவ்வொரு பகுதியாகக் கழற்றி அடியுங்கள். நிறம் எத்தனை டின் வாங்கினாலும் எல்லாவற்றையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலந்துவிடுங்கள். டின்னுக்கு டின் நிறம் சிறிது மாறும்.

அடிக்கும் நாள்

காலைப் பனி விலகி வெயில் ஏறியபின், ஒன்பது பத்து மணிக்குத் தொடங்கி, பிற்பகல் இரண்டு மணிக்குள் முடியுங்கள். தகட்டின் வெப்பநிலை பனி படியும் நிலையைவிட 3 பாகை செல்சியஸாவது கூடியிருக்க வேண்டும் என்பது பெயின்ட் தொழிலில் பொது விதி. கருவி இல்லாதவருக்கு எளிய சோதனை: ஈரத்துணியால் தகட்டில் ஒரு கோடு இழுங்கள். பதினைந்து நிமிடத்துக்குள் அது காய்ந்து மறையாவிட்டால் அன்று துப்பாக்கியைத் தொடாதீர்கள்.

தரையை நனைத்துப் புழுதியை அடக்கி, நீர் தேங்காமல் வடியவிடுங்கள். தகட்டிலிருந்து 15 - 20 சென்டிமீற்றர் தள்ளி, மணிக்கட்டை வளைக்காமல் கையை முழுவதுமாக நகர்த்துங்கள். தகட்டுக்கு வெளியே விசையை அழுத்தத் தொடங்கி, மறுபக்கம் தகட்டைத் தாண்டியபின் விசையை விடுங்கள். ஒவ்வொரு கோடும் முந்திய கோட்டின் பாதியை மூட வேண்டும். என்.சி. என்றால் மெல்லியதாக நான்கு முதல் ஆறு பூச்சு, நடுவில் பத்துப் பதினைந்து நிமிடம் இடைவெளி. பண்டாரவளை, வெலிமடைக் குளிரில் அதற்கும் மேலே விடுங்கள்.

அடித்துச் சில நிமிடத்தில் நிறத்தின் மேல் பால் தெளித்தது போல வெண்மை படர்ந்தால், ஈரம் பிடித்துவிட்டது என்று பொருள். தின்னர் வேகமாகப் பறக்கையில் தகட்டைக் குளிர்விக்கிறது. காற்றிலுள்ள நீராவி அங்கே படிகிறது. கறுப்பு, கருநீலம் போன்ற நிறங்களில் இது பளிச்சென்று தெரியும். பதறி அடுத்த பூச்சை அடிக்காதீர்கள். காற்று உலரும்வரை பொறுத்து, மெதுவாகப் பறக்கும் 'ரிட்டார்டர்' தின்னரைத் தனியாக மெல்லியதாகத் தூவினால் பெரும்பாலும் தெளிந்துவிடும். அடுத்த பூச்சிலும் சிறிதளவு ரிட்டார்டர் கலந்துகொள்ளுங்கள்.

பளபளப்பு

என்.சி. துப்பாக்கியிலிருந்து வரும்போது மங்கலாகத்தான் இருக்கும். மினுக்கம் தேய்ப்பில்தான் வரும். குறைந்தது ஒரு வாரம், குளிரான இடத்தில் இரண்டு வாரம் காயவிடுங்கள். அவசரப்பட்டால் பெயின்ட் பிறகு சுருங்கி அடியிலுள்ள கீறல்கள் மேலே தெரியும். பிறகு 1200, 1500, 2000 நம்பர் வோட்டர் பேப்பரில் துளி சவர்க்காரம் கலந்த நீரால் தேய்த்து, கட்டிங் கொம்பவுண்ட், அதன்பின் பொலிஷ். விளிம்புகளில் பெயின்ட் மெல்லியதாக இருக்கும். அங்கே டேப் ஒட்டிவிட்டுத் தேயுங்கள். இரண்டு மாதத்துக்கு வெக்ஸ் போட வேண்டாம்.

நிறத்தை மாற்றுவதானால் அடிக்குமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரியுங்கள். பதிவுச் சான்றிதழில் இருக்கும் நிறமும் வண்டியின் நிறமும் ஒன்றாக இருக்க வேண்டும். லீசிங்கில் உள்ள வண்டி என்றால் நிறுவனத்திடமும் சொல்லுங்கள்.

எது உங்கள் வேலை?

முழுப் பெயின்ட் வேலையில் பெரும்பங்கு நேரமும் கூலியும் துரு எடுப்பதிலும் பட்டியிலும் தேய்ப்பிலும்தான் போகிறது. அதற்குப் பொறுமை போதும். விலை கூடிய கருவி வேண்டாம். ஆகவே அதை நீங்களே செய்யுங்கள். டூ-கே பூச்சு வேண்டுமென்றால், பிரைமர் வரை முடித்த வண்டியை மூடிய அறையும் காற்றுக் கவசமும் வைத்திருக்கும் ஒரு பெயின்ட் பாஸிடம் கொடுத்து நிறம் மட்டும் அடித்து வாங்குங்கள். செலவும் குறையும், உங்கள் நுரையீரலும் தப்பும்.

எல்லாவற்றையும் தானே செய்ய விரும்புகிறவர் முழு வண்டியில் தொடங்க வேண்டாம். இந்த ஜூலையில் டிக்கி மூடியை மட்டும் கழற்றி, மேலே சொன்ன வரிசையில் முடித்துப் பொருத்துங்கள். ஒரு மழைக்காலம் முழுவதும் ஓட்டிப் பாருங்கள். கொப்பளமோ வெண்மையோ இல்லாமல் அது நின்றால் அடுத்த ஜூலையில் மீதி வண்டியைத் தைரியமாகத் தொடுங்கள்.