எட்டுத் திங்களும் இருபது ஆண்டுகளும்

நுழையும்முன்

நோய் தணிந்த பின்னும் அதன் அச்சம் எளிதில் தணிவதில்லை. மீண்டும் வருமோ என்னும் ஐயம் அன்றாட இன்பங்களைக் கவர்ந்துகொள்ளும். அவ்வையத்தை அறிவால் எதிர்கொண்டு, கிடைத்த நாள்களை நிறைவாக வாழ்ந்த அறிஞர் ஒருவரை இப்பாடம் அறிமுகம் செய்கிறது.

நூலகத்தில் ஓர் அதிர்ச்சி

ஐந்து வயதில் தந்தையுடன் நியூயார்க் அருங்காட்சியகத்திற்குச் சென்று, டைனோசரின் மாபெரும் எலும்புக்கூட்டைக் கண்டு வியந்தான் ஒரு சிறுவன். அவனே பின்னாளில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தொல்லுயிரியல் பேராசிரியராக விளங்கிய ஸ்டீபன் ஜே கூல்ட். 1982ஆம் ஆண்டு சூலைத் திங்களில், வயிற்றறையின் உறையைத் தாக்கும் மீசோதீலியோமா என்னும் அரிய புற்றுநோய் அவருக்கு இருப்பது தெரியவந்தது. அப்போது அவருக்கு வயது 40. இரு மைந்தருக்குத் தந்தை.

அறுவை மருத்துவம் முடிந்ததும், இந்நோய் பற்றி எதைப் படிக்கலாம் என மருத்துவரிடம் வினவினார். படிக்கத் தகுந்தது ஏதுமில்லை என்று மறுமொழி வந்தது. நடக்க இயன்றவுடன் மருத்துவ நூலகத்தை நாடினார். நோயாளிகளின் இடைநிலை ஆயுள் எட்டுத் திங்களே என்னும் செய்தி அங்கே காத்திருந்தது. திகைத்துச் சிறிது நேரம் அசைவற்று அமர்ந்திருந்தார்.

எண் உணர்த்தும் உண்மை

பின்னர் அவருடைய கணித அறிவு விழித்துக்கொண்டது. இடைநிலை அளவு என்பது வரிசையின் நடுவே நிற்கும் எண். நோயுற்ற ஐவர் முறையே 2, 4, 8, 30, 240 திங்கள் வாழ்ந்தனர் எனக் கொள்வோம். இடைநிலை அளவு எட்டுதான். எனினும் ஐந்தாமவர் இருபது ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறார். பாதிப்பேர் எட்டுத் திங்களைக் கடக்கின்றனர் என்பதும் அவ்வெண் உணர்த்தும் உண்மையே. இளமை, நோய் ஓரளவு முன்னரே கண்டறியப்பட்டமை, நல்ல மருத்துவம் ஆகியவை தம்மை நீண்டு செல்லும் அப்பகுதியில் சேர்க்கக்கூடும் என்று அவர் நம்பினார். அது உறுதிமொழி அன்று. நம்பிக்கைக்குரிய இடம் மட்டுமே. இக்கருத்தை 1985இல் டிஸ்கவர் இதழில் கட்டுரையாக வரைந்தார். தம்மைப்போல் எண்ணைக் கண்டு கலங்கியோர்க்கு அக்கட்டுரை ஆறுதலாயிற்று.

கிடைத்த நாள்கள்

கடுமையான மருத்துவத்திற்குப் பின் நோய் தணிந்தது. மீண்ட வாழ்வை அவர் அஞ்சிக் காத்திருப்பதில் கழிக்கவில்லை. வகுப்பறைக்குத் திரும்பினார். பாஸ்டன் நகரின் சேர்ந்திசைக் குழுவில் பாடினார். சிறுவயது முதல் நேசித்த பேஸ்பால் ஆட்டத்தைக் கண்டு களித்ததோடு, அதைப் பற்றிச் சுவைபட எழுதவும் செய்தார். 1974இல் இயற்கை வரலாற்று இதழில் தொடங்கிய கட்டுரைத் தொடர், நோயாலும் தடைபடாமல் 2001இல் 300ஆம் கட்டுரையுடன் நிறைவெய்தியது. பரிணாமக் கொள்கை பற்றி இருபது ஆண்டுகளாக உருவாக்கிய பெருநூல் 2002இல் வெளிவந்தது. ஆயிரம் பக்கங்களைக் கடந்த நூல் அது.

அதே ஆண்டு மே திங்களில், முந்தைய நோயோடு தொடர்பில்லாத வேறொரு புற்றுநோயால் தம் 60ஆம் வயதில் அவர் காலமானார். தம் நூல்கள் சூழ்ந்த இல்லத்திலேயே அவருடைய இறுதி நாள்கள் கழிந்தன.

எட்டுத் திங்கள் என்ற எண் பொய்யன்று; அது பலரின் கணக்கு. ஒருவரின் நாள்கள் எத்தனை என்பதை அது கூறுவதில்லை. அந்நாள்களைப் பாட்டும் ஆட்டமும் எழுத்துமாய் நிறைத்துக்கொள்வது வாழ்வோர் கையில் உள்ளது.