குழாய்த் திரையா? திரவப் படிகத் திரையா?

"பத்தாம் வகுப்பில் விளையாட்டா?" என்று பெரியோர்கள் கேட்பது எங்கள் காதில் விழுகிறது. ஆனால் சென்ற பொங்கல் விடுமுறையில் ஒரு விளையாட்டே எங்களுக்கு விஞ்ஞானப் பாடம் நடத்தியது.

படப்பையில் எங்கள் தோழி வீட்டில் கணிப்பொறிக்குத் திரை வாங்க வேண்டியிருந்தது. அவளுடைய அப்பா ஒரகடம் தொழிற்சாலையில் இரவு ஷிப்டு பார்த்துச் சேர்த்த பணம் அது. வீட்டு மூலையில் 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று இருந்தது. 2006 முதல் 2011 வரை தமிழக அரசு குடும்பங்களுக்கு இலவசமாக வழங்கியவற்றுள் ஒன்று. "புதுசு வந்ததும் இதைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடலாம்" என்றார் அம்மா. உடனே தோழியின் தம்பிக்குக் கண் கலங்கியது. அவனுடைய துப்பாக்கி வீடியோ கேம் அந்தப் பெட்டியில் மட்டுமே வேலை செய்யும். பக்கத்து வீட்டு எல்.சி.டி. டிவியில் இணைத்துச் சுட்டபோது ஒரு வாத்துகூட விழவில்லை. "உனக்குக் குறி பார்க்கத் தெரியவில்லை" என்று எல்லோரும் சிரித்தார்கள், நாங்களும் சிரித்தோம். பிறகுதான் காரணத்தைத் தேடினோம்.

பழைய பெட்டி சி.ஆர்.டி. எனப்படும் குழாய்த் திரை. 1897-ஆம் ஆண்டு ஜெர்மானிய விஞ்ஞானி பிரவுன் இக்குழாயை அமைத்தார். காற்று நீக்கிய கண்ணாடிக் குழாயின் பின்முனையிலிருந்து எலக்ட்ரான் கற்றை பாய்கிறது. காந்தச் சுருள்கள் அதனை வரிவரியாகத் திருப்புகின்றன. கற்றை பட்ட இடத்தில் திரையின் பூச்சு ஒளிர்ந்து உடனே மங்குகிறது. செய்தி வந்த கணத்திலேயே ஒளியும் வருகிறது.

எல்.சி.டி. என்பது திரவப் படிகத் திரை. 1888-இல் ஆஸ்திரிய நாட்டுத் தாவரவியல் அறிஞர் ரைனிட்சர், காரட்டில் கிடைத்த ஒரு பொருளை ஆராய்ந்தபோது, அதிலிருந்து செய்த சேர்மம் இரண்டு முறை உருகுவதைக் கண்டார். சுமார் 145 டிகிரியில் கலங்கிய திரவம். சுமார் 178 டிகிரியில் தெளிந்த திரவம். கலங்கிய நிலையே திரவப் படிகம். இன்றைய திரையில் பின்னால் விளக்கு எரிய, மின்சாரத்தால் திரும்பும் படிகங்கள் ஒளியை விடவும் மறைக்கவும் செய்கின்றன. படிகம் திரும்ப ஓரிரு மில்லி வினாடியாவது ஆகும். டிவியோ படத்தை மெருகேற்றிக் காட்டுவதால் மேலும் தாமதமாகிறது.

இங்கேதான் விடை கிடைத்தது! விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடம் மட்டும் வெள்ளையாகிறது. துப்பாக்கியிலுள்ள ஒளி உணரி அந்த வெள்ளையைத் தேடுகிறது. எல்.சி.டி. டிவியில் வெள்ளை வருவதற்குள் நேரம் கடந்துவிடுகிறது. குழாய்த் திரையின் துடிப்புக்கேற்பவே அந்த உணரி அமைக்கப்பட்டதும் மற்றொரு காரணம்.

அப்படியானால் எதை வாங்குவது? வேகமாக ஓடும் காட்சி குழாய்த் திரையில் கலங்காமல் தெரியும். ஆனால் அது கனமானது. மின்சாரத்தை அதிகம் உறிஞ்சும். புதிதாகக் கடைக்கு வருவதும் இல்லை. எல்.சி.டி. மானிட்டரில் எழுத்துகள் தெளிவாக இருக்கும், மின்செலவும் குறைவு. விளையாட்டுக்கும் வேண்டுமென்றால், கடையில் காட்சியை ஓடவிட்டு, தாமதத்தையும் கலங்கலையும் பார்த்து வாங்க வேண்டும். டிவியாக இருந்தால் 'கேம் மோடு' வசதி உண்டா என்று கேட்க வேண்டும்.

படிப்புக்கும் உதவும் என்பதால் தோழியின் அப்பா எல்.சி.டி. மானிட்டரே வாங்கினார். பழைய பெட்டி தம்பிக்கென்று மூலையிலேயே தங்கியது. ஒருநாள் அது ஓய்வு பெறும்போது பழைய சாமான்கடைக்குப் போகாது. அதன் கண்ணாடியில் ஈயம் கலந்துள்ளது. உடைத்தால் மண்ணுக்கும் மனிதருக்கும் கேடு. அணைத்த பின்னும் உள்ளே உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும். ஆகவே யாரும் திறந்து பார்க்கலாகாது. அனுமதி பெற்ற மின்கழிவு நிலையத்திடமே ஒப்படைக்க வேண்டும்.

ஸ்ரீபெரும்புதூரில் 2007-இல் தொடங்கிய சாம்சங் ஆலையில் முதலில் உருவானவை தொலைக்காட்சிப் பெட்டிகளே. நம் ஊர்ப்பக்கம் செய்த பொருளின் உள்ளே என்ன நடக்கிறது என்று நமக்கும் தெரிய வேண்டாமா? தெரியாததால்தானே ஒரு சிறுவனைப் பார்த்துச் சிரித்தோம்! "தவறு உன் குறியில் இல்லை, தம்பி" என்று அவனிடம் சொன்னோம். அன்று அவன் முகத்தில் தெரிந்த மகிழ்ச்சி எந்தத் திரையிலும் நாங்கள் காணாதது.