மேலவை மறுத்தால்?

கேள்வி: தமிழ்நாட்டில் சட்டமன்றம் ஒன்றுதான். இங்கே மகாராஷ்டிராவில் விதான் பரிஷத் என்ற மேலவை வேறு இருக்கிறது. அது மறுத்தால் மசோதா செத்துவிடுமா?
— வாசகர், மாட்டுங்கா

பதில்: சாகாது. நாரிமன் பாயிண்ட் விதான் பவனில் 288 பேர் கீழவை நிறைவேற்றிய மசோதாவை 78 பேர் மேலவை மூன்று மாதம் இழுத்தடிக்கலாம். கீழவை மறுபடி நிறைவேற்றினால் இன்னும் ஒரு மாதம், அவ்வளவுதான். அப்புறம் மேலவை முகம் சுளித்தாலும் கோப்பு மலபார் ஹில்லுக்கு, ஆளுநர் கையெழுத்துக்குப் போய்விடும். பண மசோதாவென்றால் வெறும் 14 நாள். சாதாரண மசோதாவில் தகராறு வந்தால் டெல்லியில் இரு அவைகளையும் சேர்த்து உட்கார வைக்கலாம். மாநிலத்தில் அந்த வழியே கிடையாது. ஆனால் மேலவையில் பிறந்த மசோதாவைக் கீழவை தள்ளினால் கதை அங்கேயே முடிந்தது. 1986-இல் கலைக்கப்பட்ட தமிழ்நாட்டு மேலவைக்கும் பலம் இவ்வளவுதான். சத்தம்தான் கொஞ்சம் அதிகம்.