பொன்னிறக் கோட்டையும் இரண்டு வாளித் தண்ணீரும்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

பாலைவனம் என்றதும் உங்களுக்கு மணலும் ஒட்டகமும்தான் நினைவுக்கு வரும். எனக்கும் அப்படித்தான் இருந்தது, சென்ற டிசம்பர் விடுமுறையில் இராஜஸ்தானிலுள்ள ஜெய்சல்மருக்குச் செல்லும் வரை.

தார்ப் பாலைவனத்தில், ஒரு குன்றின்மேல் நிற்கிறது ஜெய்சல்மர் கோட்டை. 1156ஆம் ஆண்டில் ராவல் ஜெய்சல் என்னும் மன்னர் எழுப்பியது. மஞ்சள் மணற்கல்லால் ஆனதால் மாலை வெயிலில் பொன்னாகவே மின்னுகிறது. வங்க இயக்குநர் சத்யஜித் ரே 1974இல் எடுத்த ‘சோனார் கெல்லா’ படத்தின் பெயருக்குப் பொற்கோட்டை என்றே பொருள். 99 கொத்தளங்கள் கொண்ட இக்கோட்டைக்குள் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். வீடுகள், சமணக் கோயில்கள், கடைகள், விடுதிகள் என்று ஒரு சிறிய ஊரே உள்ளே இருக்கிறது. நாங்களும் அங்கேதான் தங்கினோம்.

அங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 20 செ.மீ. மழைதான். முன்பெல்லாம் கோட்டைக்கு வெளியிலுள்ள கடிசர் ஏரியிலிருந்து பெண்கள் குடங்களில் நீர் சுமந்து வருவார்களாம். சுமந்து வந்த நீரை யார் வீணாக்குவார்கள்? பின்னர் குழாய் வந்தது, விடுதிகள் பெருகின. கொட்டிய நீர் வெளியேறப் போதிய வழியில்லாமல் நிலத்தில் இறங்கி, கோட்டையைத் தாங்கும் குன்றையே இளக்கிவிட்டது. 1990களில் சில கொத்தளங்கள் சரிந்து விழுந்தன. வறட்சியில் எண்ணூறு ஆண்டுகள் அசையாமல் நின்ற கோட்டைக்குத் தண்ணீரால் ஆபத்து! சுவர்களையும் வடிகால்களையும் பிறகு பழுது பார்த்தார்கள் என்றாலும் கவலை தீரவில்லை என்றார் எங்கள் வழிகாட்டி. அவர் இதைச் சொன்னபோது நான் தலைகுனிந்து நின்றேன். அன்று காலைதான் இரண்டு வாளி நீரில் குளித்திருந்தேன். “நாளை முதல் அரை வாளிதான்” என்றார் அப்பா. தம்பியோ, இனிக் குளிக்கவே வேண்டாம் என்று மகிழ்ந்தான்!

மறுநாள் சாம் மணற்குன்றுகளில் ஒட்டகச் சவாரி. (திமிலில் இருப்பது தண்ணீர் அன்று, கொழுப்பு.) படத்தில் பார்ப்பது போலவே அழகு, அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

உணவைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். கம்பு ரொட்டி, நெய்யில் தோய்த்த பாட்டி, அவற்றோடு ‘கேர் சாங்கிரி’ என்னும் கறி. கேர் என்பது முட்புதரில் காய்க்கும் சிறு காய். சாங்கிரி என்பது கேஜ்ரி மரத்தின் காய். வேர் ஆழமாக ஓடுவதால் மழை பொய்த்த ஆண்டிலும் அம்மரம் பசுமையாக நிற்கும். இரண்டையும் வெயிலில் காயவைத்துச் சேமித்துக் கொள்கிறார்கள். இந்தக் கேஜ்ரி வேறு எதுவுமன்று, நம் ஊர்க் கோயில்களில் நிற்கும் வன்னி மரமே என்று அறிந்து வியந்தேன்.

கடைத்தெருவில் அம்மா கண்ணாடிச் சில்லு பதித்த கைப்பையும், அப்பா மஞ்சள் கல்லில் கடைந்த கிண்ணமும் வாங்கினார்கள். தம்பிக்கு ஒட்டகத்தோல் செருப்பு. அது நடக்கும்போதெல்லாம் கிறீச்சிட்டது. நான் என் பணத்தில் கால் கிலோ சாங்கிரி வாங்கினேன்.

“கோயில் மரத்துக் காயையா காசு கொடுத்து வாங்கி வந்தே?” என்று சிரித்தார் பாட்டி. ஆனாலும் அதை ஊறவைத்து வற்றல் குழம்பு வைத்தார். ஊறவைத்த நீரைக் கீழே கொட்டப் போனவரைத் தடுத்து, முற்றத்து முருங்கைக்கு ஊற்றினேன்.