பழவேற்காடு ஏரியில் ஒரு வாரம்: முதல்முறை போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

கிரேக்க நாட்டின் அயோனியன் தீவுகளில் பாய்மரப் படகு எடுத்துக்கொண்டு கோர்ஃபூ, லெஃப்காடா, கெஃபலோனியா என்று தீவு தீவாக ஒரு வாரம் சுற்றுவது ஐரோப்பியர்களின் கோடைக்காலக் கனவு. அந்தச் செலவு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் பார்க்கிறவருக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் அவர் வேலை செய்யும் இடத்துக்குக் கிழக்கே இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி விரிந்து கிடக்கிறது. நீளம் ஏறத்தாழ 60 கி.மீ. தீவுகளும் குப்பங்களும் பறவைத் திட்டுகளும் கொண்ட அந்த ஏரிக்குப் பலரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வருகிறார்கள், வறுத்த மீன் சாப்பிடுகிறார்கள், இருட்டுவதற்குள் திரும்பிவிடுகிறார்கள். அரை நாளில் இந்த ஏரி பிடிபடாது. ஒரு வாரம் கொடுங்கள்.

படகைக் கடைசியில் வையுங்கள்

2011 டிசம்பர் 25 அன்று இந்த ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் கிறிஸ்துமஸ் நாளைக் கழிக்க வந்த ஒரே உறவுக் கூட்டத்தார். அதன்பின் பழவேற்காட்டில் சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. கரையில் நின்று “வாங்க சார், ஒரு ரவுண்டு” என்று யாராவது கூப்பிட்டால் ஏறிவிடாதீர்கள். நடப்பில் என்ன அனுமதி இருக்கிறது என்று காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ கேளுங்கள். முறையான அனுமதி, ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், படகு தாங்கும் அளவுக்கு மட்டுமே ஆட்கள் என்ற மூன்றில் ஒன்று குறைந்தாலும் கரையிலேயே இருப்பதுதான் சரி.

ஏரியின் பெரும்பகுதியில் ஆழம் ஓராள் உயரம்கூட இல்லை. அதை நம்பித்தான் பலரும் அசட்டையாக இருக்கிறார்கள். முகத்துவாரம் அப்படியல்ல. கடல் வற்றும்போது ஏரித் தண்ணீர் முழுக்க அந்தக் குறுகிய வாய் வழியாக இழுத்துக்கொண்டு வெளியேறும். நீச்சல் தெரிந்தவரையும் அந்த இழுப்பு கொண்டுபோய்விடும். அங்கே குளிக்க இறங்காதீர்கள்.

எப்போது போவது

பொங்கல் முடிந்து மார்ச் வரை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஆரணியாறும் காளங்கியாறும் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டும், புயல் எச்சரிக்கையும் அடிக்கடி வரும். கோடையில் ஆற்று வரத்து நின்று, முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோனால், ஏரித் தண்ணீர் கடலைவிடக் கரிக்கும். குளிர்காலத்தின் பின்பாதியில் மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது, வலசை வந்த பறவைகளும் இன்னும் கிளம்பியிருக்காது.

போக்குவரத்தும் தங்குமிடமும்

சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை புறநகர் ரயில் ஓடுகிறது. பழவேற்காட்டுக்குப் பொன்னேரியில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும், ஏறத்தாழ 20 கி.மீ. வடபகுதிக்கு எளாவூர், ஆரம்பாக்கம், தடா, சூலூர்பேட்டை என்று அதே தடத்தில் மேலே போகலாம். பொன்னேரியிலோ கும்மிடிப்பூண்டியிலோ அறை எடுத்துக்கொண்டு தினமும் ஒரு கரைக்குப் போய் வருவதே வசதி. பைக் இருந்தால் இன்னும் நல்லது.

முதல் இரண்டு நாள்: ஊர்

முதல் நாளைப் பழவேற்காடு ஊரிலுள்ள டச்சுக் கல்லறையில் தொடங்குங்கள். வாசலில் எலும்புக்கூட்டு உருவங்களைச் செதுக்கியிருப்பார்கள். உள்ளே 17ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள், கப்பல்கள், குலச்சின்னங்கள். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். டச்சுக்காரர்கள் 1613இல் கட்டிய கெல்ட்ரியா கோட்டையில் இன்று புதர்தான் மிச்சம். 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்குத் தலைமையிடம் இதுதான். இங்கிருந்து துணி போனது, வெடிமருந்து போனது. அடிமைகளாக விலை பேசப்பட்ட மனிதர்களையும் கப்பலில் ஏற்றிப் படாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) அனுப்பினார்கள். அந்த மனிதர்களுக்குக் கல்லறையும் இல்லை, கல்வெட்டும் இல்லை. அழகான கல்லெழுத்துகளைப் பார்க்கும்போது அவர்களையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த நாள் ஆதிநாராயணப் பெருமாள் கோயில், போர்த்துகீசியர் காலத்து மகிமை மாதா ஆலயம், பழைய பள்ளிவாசல்கள். எல்லாம் நடக்கிற தூரத்திலேயே இருக்கின்றன. பனையோலைப் பெட்டி முடைகிற பெண்கள் ஊரில் இருக்கிறார்கள். அவர்களிடமே வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள்.

மூன்றாம் நாள்: தண்ணீரின் சட்டம்

விடியற்காலையில் கரைக்கு வந்துவிடுங்கள். மடவை, இறால், நண்டு ஏலம் போவதைப் பார்க்கலாம். மீன் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் ‘பாடு’ என்ற சொல் காதில் விழும். இறால் அதிகம் கிடைக்கிற இடங்களைப் பங்கிட்டு, இன்ன நாளில் இன்னார் வலை கட்டலாம் என்று குப்பங்கள் முறை வைத்திருக்கின்றன. நல்ல இடம் ஒருவருக்கே நிலைப்பதில்லை, சுழன்று வரும். எந்த அரசும் எழுதிக் கொடுக்காத இந்த ஒழுங்கு தலைமுறைகளாக நிற்கிறது. ஆனால் இதில் எல்லோருக்கும் இடமில்லை. பாடு உரிமை பட்டினவர் என்ற மீனவர் சமூகக் குப்பங்களின் குடும்பத் தலைக்கட்டுகளோடு கட்டப்பட்டது. இருளர்கள் தண்ணீரில் உட்கார்ந்தபடி சேற்றைக் கையால் துழாவி இறால் பிடித்துப் பறியில் போடுகிறார்கள். இரண்டையும் பார்த்தால்தான் ஏரியைப் பார்த்ததாக அர்த்தம்.

வரிசையாகக் கழி நட்டு வலை கட்டியிருக்கும் இடம் ஒரு குடும்பத்தின் முறைநாள். ஆறாம் நாள் நம் படகு அதைக் குறுக்கே கிழித்துப் போனால், அந்தக் குடும்பம் அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டும். படகுக்காரர் சுற்றிப் போகிறார் என்றால், “ஏன் அண்ணே, நேராப் போகலாமே” என்று அவசரப்படுத்தாதீர்கள்.

நான்கும் ஐந்தும்: பறவைகள்

அண்ணாமலைச்சேரி, சுண்ணாம்புகுளம் கரைகள் கும்மிடிப்பூண்டி பக்கத்தவை, கூட்டமில்லாதவை. தமிழ்நாட்டுப் பகுதி 1980 முதல் பறவைகள் சரணாலயம். பூநாரைகள் முழங்கால் அளவுத் தண்ணீரில் அலகைத் தலைகீழாக அமிழ்த்தி மேயும். அவை நிற்கும் ஆழத்தில் எஞ்சின் படகு ஓடாது. ஆகவே பூநாரை பார்ப்பதற்குப் படகு தேவையே இல்லை. பைனாகுலரும் பொறுமையும் போதும். பறக்கும் படம் வேண்டும் என்று கல்லெறிகிறவர்கள் உண்டு. அது கொடுமை.

மறுநாள் சூலூர்பேட்டை போங்கள். அங்கிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலை ஏரியின் நடுவே செல்கிறது, இரு பக்கமும் பறவைகள். ராக்கெட் தளத்துக்குள் நினைத்தபடி நுழைய முடியாது. ஏவுதல் பார்க்க இஸ்ரோவின் பார்வையாளர் மாடத்துக்கு முன்பதிவு வேண்டும். சூலூர்பேட்டைக்கு வடக்கே நேலப்பட்டில், தண்ணீரில் நிற்கும் மரங்களில் கூழைக்கடாக்கள் கூடு கட்டுகின்றன. நேரமிருந்தால் அதையும் விட்டுவிடாதீர்கள்.

ஆறாம் நாள்: தண்ணீரில்

இப்போது படகு. தடா அருகே பீமுலவாரிபாளையத்தில் ஆந்திர சுற்றுலாத் துறையின் படகுத்துறை இருக்கிறது. ஓடுகிறதா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். ஏரிக்குள் இருக்கும் இருக்கம் தீவு ஆந்திராவைச் சேர்ந்தது என்றாலும் அங்கே தமிழ் பேசுகிறார்கள். தீவுக்காரர்களுக்குப் படகு அன்றாடப் போக்குவரத்து. அவர்கள் வீட்டுத் திண்ணை நமக்குச் சுற்றுலாத் தலமல்ல. கேட்டுவிட்டுப் படம் எடுங்கள்.

காலையில் ஏறி மத்தியானத்துக்குள் திரும்பிவிடுங்கள். பிற்பகலில் கடற்காற்று வலுக்கும், ஆழமில்லாத தண்ணீரில் சின்ன அலைகள் நெருக்கமாக எழும்பி அடிக்கும். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றைப் பெயர் சொல்லி அறிந்தவர் “இன்னிக்கு வேணாம்” என்றால் அன்றைய திட்டம் அத்தோடு முடிந்தது. கிரேக்கத் தீவுகளில் லட்சங்கள் கொடுத்துப் படகெடுத்தவரும் காலையில் காற்றைப் பார்த்துவிட்டுத்தான் நங்கூரம் எடுக்கிறார். உரிமம் பெற்ற மாலுமி இல்லாமல் அங்கே பாய்மரப் படகையே கொடுப்பதில்லை.

தொப்பி, குடிதண்ணீர், உலர் மாற்றுடை, போனுக்கு நீர் புகாத உறை. வேறொன்றும் வேண்டாம்.

ஏழாம் நாளும் அதற்குப் பிறகும்

கடைசி நாள் பக்கிங்காம் கால்வாயோடு தெற்கே வாருங்கள். 1806இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டப்பட்டு, பின்பு பழவேற்காடு தாண்டி வடக்கே நீண்டு, 1878இல் இந்தப் பெயரைப் பெற்றது. ஸ்ரீஹரிகோட்டாவின் விறகு ஒரு காலத்தில் இந்த வழியாகப் படகில் சென்னைக்கு வந்தது. அந்தப் படகுகள் பாய் விரித்தவை.

பாய் பிடிக்கக் கற்றுக்கொள்ள ஆசை வந்தால் சென்னைத் துறைமுகத்துக்குப் போங்கள். 1911இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் அங்கே இருக்கிறது, தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கம் இளையவர்களுக்குப் பயிற்சி தருகிறது. சென்னையின் நேத்ரா குமணன், பாய்மரப் படகில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண். காற்றையும் நீரோட்டத்தையும் பிறந்தது முதல் பார்த்து வளர்கிற ஏரிக்கரைக் குப்பத்துப் பிள்ளைகள் இந்த விளையாட்டுக்கு வர வேண்டும். திருவள்ளூர் மாவட்டப் பள்ளிகளும் சிப்காட் நிறுவனங்களும் மனது வைத்தால் அவர்களை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கலாம்.